அம்புக்குறி, 43

சவரக்கத்தியை ஈரத்தோடு மடித்தால் துருப்பிடித்துவிடும், ஐயா. பலருக்கு இது தெரிவதில்லை. என் தம்பி அடைக்கலராஜுக்குத் தெரியும். பட்டாளத்திலிருந்து லீவில் ஆவூருக்கு வந்திருந்தபோது, கத்தியைத் துடைத்து என்னிடம் காட்டினான். அலகின் அடியில் ஓர் அம்புக்குறி, அதன் கீழே 43, பக்கத்தில் கம்பெனியின் இங்கிலீஷ் எழுத்துகள்.

“சர்க்கார் முத்திரைண்ணே,” என்றான்.

திரும்பிப் போனவன் பர்மாவில் காய்ச்சலில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. பிறகு அவன் பெட்டி வந்தது. உடுப்பும் ஜெபமாலையும் இருந்தன. கத்தி இல்லை. காய்ச்சல் கத்தியை எடுத்துக்கொண்டு போகாது.

ஐம்பத்தொன்றில் விதைக்கடலை வாங்க ஆலங்குடிப் பக்கம் போனேன். ராக்கன் என்பவர் தன் தோட்டத்துக் கிணற்றடியில் சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தியை வாங்கிப் பார்த்தேன். அம்பு, 43, அதே எழுத்துகள்.

“இது ஏதுங்க?”

“பட்டாளத்துல குடுத்ததுங்க. பர்மாவுக்குப் போறப்ப எல்லாருக்கும்தான் குடுத்தாங்க.”

பர்மா என்று அவரே சொன்னார். நான் கேட்கவில்லை.

“தாடைக்கு அடியில கொஞ்சம் விட்டுப்போச்சு. எடுத்துவிடவாங்க?” என்றேன்.

தலையைப் பின்னால் சாய்த்தார். காதிலிருந்து காதுவரை ஒரே இழுப்பு. கிணற்றுக் கல்லைப் பிடித்து எழப் பார்த்தார். கால் உதறல் அடங்கும்வரை தோளை அமுக்கிக்கொண்டிருந்தேன். அவருக்காக ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லிவிட்டு, கத்தியோடு வீடு திரும்பினேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

மறு வருஷம் மாடு பார்க்கக் குன்றாண்டார்கோவில் பக்கம் வீரய்யா வீட்டுக்குப் போனேன். அவரும் பட்டாளத்துக்காரர். மாடத்தில் ஒரு கத்தி. அம்பு, 43. ராக்கன் விஷயத்தில் ஆள் தவறிவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது. தவறு தெரிந்தபின் திருத்தாமல் இருப்பது சரியில்லை. வீரய்யா பலசாலி, கழுத்தை எட்டுவதற்குள் இரண்டு கைகளையும் வெட்ட வேண்டியிருந்தது. அவர் மனைவி மூக்காயி குறுக்கே வந்து விழுந்தாள். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கத்தி கையில் இருந்தது, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் பிடித்தபோது நான் ஓடவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ராக்கன் கத்தி, வீரய்யா கத்தி இரண்டையும் மேஜைமேல் வைத்தார்.

“இது கம்பெனிக்காரன் அடிச்ச முத்திரைய்யா. ஆயிரக்கணக்கான பேருகிட்ட இதே கத்தி இருக்கு. நானும் பட்டாளத்துல இருந்தவன்தான். எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு.”

வெகுநேரம் யோசித்தேன். யாரோ ஒருத்தன் செய்த வேலை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன், ஐயா. என் தம்பி ஒருவனைக் கொல்ல ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டரும்தான்.