தேத்தண்ணி பட்ட கை

ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவரிடம் பூரிப்போடு சொன்னாள்:

“நேத்து எனக்குக் கையில சூடு பட்டுருச்சுக்கா!”

“அதுக்கா இப்புடிச் சிரிக்கிற?”

“வாதம் வந்த கைக்கா. கொழுந்து எடுக்குறப்ப மலையிலேயே விழுந்தேனே, அதுலேருந்து கிள்ளுனாலும் தெரியாது. ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்த மாதிரி தெனமும் சொரசொரப்பான துணியால தேச்சுக்கிட்டே இருந்தேன். ‘இனி எங்க உணர்ச்சி வரப்போகுது’ன்னு லயத்து வீடுகள்ல எல்லாரும் சொன்னாங்க. நேத்து அந்தக் கையில கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி தெறிச்சுச்சு. லயமே கேக்குற மாதிரி கத்திட்டேன்!”

“ஐயோ! வீட்டுக்காரரு என்னா செஞ்சாரு?”

“பச்சத்தண்ணிய எடுத்துக்கிட்டு ஓடியாந்தாரு. ‘ஊத்தாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்’னுட்டேன்.”