கரி விழாத துணி

வெள்ளைத் துணிக்குப் பயப்படுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். பாயா ரும்புட் ஊருக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டு. ஃபேக்டரிச் சட்டை போட்ட பெண், பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

“கொடியில துணி வெள்ளையா காயுதுக்கா. பயமா இருக்கு.”

“நல்லதுதானே லா?”

“மூணு நாளா ஃபேக்டரிக் கரி விழலையே. கையுறை வாங்குற வெளிநாட்டுக்காரன் ஆர்டரை நிறுத்திட்டானாம். பாய்லரை அணைச்சிட்டு, எங்களைத் தரை பெருக்கத்தான் கூப்பிடுறாங்க. மூடிட்டா நானும் அவரும் எங்க போறது?”

“உன் மகளுக்கு மூச்சிளைப்பு எப்படி?”

“அதான்க்கா... மூணு நாளா வரல. நல்லா தூங்குறா.”

“அப்ப கோயில்ல என்னன்னு வேண்டிக்கிறே?”

வளைவு தாண்டியதும் இளையவள் எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாள். ஃபேக்டரிப் புகைபோக்கிக்கு மேலே வானம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

“ஐயோ” என்றாள்.