டீச்சர் வீட்டுத் தூதுவளை

“இன்னொரு பொட்டு என் பாவு மேல விழட்டும் டீச்சர், உங்க தோட்டம் பூரா மருந்தடிக்கிறேனா இல்லையா பாருங்க.”

“தேனீ என்னைக் கேட்டுகினா பறக்குது? பாவை அந்தாண்ட நீட்டிக் கட்டு லோகநாதா.”

காலை ஏழு மணிக்கே இந்தச் சத்தம், சார். தறியில் ஏற்றும் முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவோம், அதுதான் பாவு. லோகநாதனின் வெள்ளைப் பாவின் மேல் டீச்சர் வீட்டுத் தேனீக்கள் பறந்தபடியே கழிந்துவிட்டுப் போயிருந்தன. மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு. பால் பாக்கெட் எடுக்கும் சாக்கில் கால்மணி நேரம் வாசலில் நின்றேன். அவன் சொன்னதைத் தெருவே கேட்டது. அது எனக்குப் பிறகு உதவியது.

பக்கத்து வீட்டு சகாயமேரி டீச்சர், ரிட்டயர் ஆனதும் குரோட்டன்ஸையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தும்பை, ஆவாரை, நொச்சி, தூதுவளை என்று நம் மண்ணின் செடிகளாக வைத்தாள். வேலியோரம் தானாக முளைப்பதற்குப் போய்த் தண்ணீர் ஊற்றுகிறாளே என்று சிரித்தேன். பட்டாம்பூச்சி வந்தது, தேனீ வந்தது, பின்னாலேயே பெண்களும் போனார்கள். இருபது வருஷமாகச் சாயங்காலத்தில் என் வாசற்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்டவர்கள், அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு வண்டு பார்த்தார்கள். அகல்யா வீட்டு நிச்சயதார்த்தம் நின்ற கதையை எடுத்தேன். தீபா என்னை “உஷ்” என்றாள். வண்டு பறந்துவிடுமாம்.

பாவுச் சண்டைக்கு அடுத்த ஞாயிறு, டீச்சர் பூசைக்குப் போனதும், மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து மருந்தடித்தேன். பூச்சிகளுக்காகத்தான். இழுப்புக்காக அவள் தினமும் தூதுவளையைப் பச்சையாக மெல்லுவது எனக்குத் தெரியும். சளியில் அவளுக்கு வாடை தெரியாது என்பதும் தெரியும். எங்கள் தெருவில் எனக்குத் தெரியாதது எது?

வந்ததும் ஒரு கைப்பிடி பறித்தாள். எனக்கும் நாலு இலை நீட்டினாள்.

“இருமிகினே கீறீங்களேக்கா. மென்னுங்க.”

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அவள் மென்றபடியே குனிந்தாள்.

“இன்னாக்கா, தேனீங்க இவ்ளோ செத்துக் கெடக்குது?”

“வெயில் ஜாஸ்தி டீச்சர்.”

அப்போது அவள் கையில் பாதி இலை மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்து முந்தானையை அவிழ்த்து, இலையைச் சாக்கடையில் போட்டுவிட்டு, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே டீச்சர் போய்விட்டாள்.

நீங்கள் லோகநாதனைக் கூட்டிப்போனீர்கள். அவன் மனைவி கலசப்பாக்கத்துத் தாய்வீட்டுக்கே போய்விட்டாள். டீச்சர் மகள் இவாஞ்சலின் வீட்டை விற்றாள். கல்யாணமாகி இப்போது வேலூரில் இருக்கிறாள். பெண்கள் என் வாசற்படிக்குத் திரும்பினார்கள். ஆனால் எட்டு மாதமாக ஒரே பேச்சு, லோகநாதன் செய்தான், லோகநாதன் செய்தான் என்று.

தப்பு செய்யாதவன் உள்ளே கிடப்பதை என் மனசு தாங்கவில்லை. அதனால்தான் வந்தேன், சார். பேர் ஸ்வர்ணலதா, எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். தெருவில் இதை நீங்கள் யாருக்கும் முந்திச் சொல்லிவிடாதீர்கள். நானே சொல்கிறேன்.