நறுவிலிக் கண்மாயில் இறங்கும் முறை

எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. முப்பது வருடமாக வாயில் வைத்ததில்லை. ஆகவே மீன் ஆசையில் செய்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

என் பெயர் குருசாமி. வயது எழுபத்து மூன்று. நறுவிலிக் கண்மாயில் மீன்பிடித் திருவிழாவைத் தொடங்கிவைப்பது எங்கள் குடும்பம். கோடையில் தண்ணீர் வற்றும்போது சுற்று ஊர்ச் சனமெல்லாம் வலையும் கூடையுமாக வந்து நிற்கும். எங்கள் வீட்டு ஆண் கரையில் ஏறி வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் தண்ணீரில் ஒரு கால் படும். என் தகப்பனாருக்குக் காய்ச்சல் கண்ட வருடம் ஐநூறு பேர் உச்சிவெயிலில் காத்து நின்றார்கள். கடைசியில் அவரைக் கட்டிலோடு தூக்கிவந்து வீசச் செய்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் பியூலா வந்தாள். இராஜபாளையத்தில் கல்லூரி ஆசிரியை. பட்டுக்கெண்டை என்று ஒரு மீன், சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். மற்ற இடங்களில் அழிந்துவிட்டது, இங்கேதான் கொஞ்சம் மிச்சம் என்றாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன், உழைத்தாள். ஆகாயத்தாமரையை வாரி எடுத்தாள். பேண்டேஜ் துணி ஆலைகளில் துணி வெளுத்த தண்ணீர் வந்து விழும் வாய்க்காலை மனுமேல் மனு எழுதி அடைக்கவைத்தாள். ஓடை வந்து சேரும் இடத்தில், மீன் முட்டையிடுவதற்கென்று கூழாங்கல் பரப்பினாள். மடையை ஒட்டி ஆழப்படுத்தியதால் கோடையிலும் இரண்டாள் ஆழம் தண்ணீர் நின்றது. நூறு மீன் இரண்டாயிரமானது.

மீன் பெருகும்வரை திருவிழா வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. இரண்டு வருடம் பொறுத்தேன். மூன்றாவது வருடமும் அதையே சொன்னபோது எழுந்து முறையை எடுத்துச் சொன்னேன். ஊராட்சித் தலைவர் கண்ணுச்சாமி எனக்கு மருமகன் முறை. “மாமா, டீச்சர் மீன் எண்ணுற அன்னைக்கு வந்து துண்ட வீசுங்க. மீனாவது பயந்து வரிசையா நிக்கும்” என்றான்.

கூட்டமே சிரித்தது. சமுத்திரம் மட்டும் சிரிக்கவில்லை. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் அவன். பியூலாவுக்காக மீனையும் காவல் காத்தான். “அவிய முறையக் கேக்காவ. இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றான். அவன் மரியாதை தெரிந்தவன் என்பதை நான் எங்கும் மறைத்ததில்லை.

ஆடிப்பூரத்தன்று ஊர் முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்கப் போய்விட்டது. காலை பத்து மணிக்குக் கரையில் நான் ஒருவன்தான். எங்கள் கண்மாயில் பழைய கல்மடை. அடியில் ஒரு துவாரம், அதை அடைக்க இரும்புப் பூண் போட்ட ஒரு வேங்கைக் கட்டை, கட்டையை மேலிருந்து தூக்க ஒரு கம்பி. கல்பலகையில் நின்று கம்பியை இழுத்தேன். கட்டையைக் கழற்றிக்கொண்டு வெறும் கம்பியை மட்டும் உள்ளே விட்டேன். தண்ணீர் வற்றினால் திருவிழா நடத்தித்தானே ஆக வேண்டும். வேறு எண்ணம் இல்லை. கட்டை என் பாட்டனார் செய்து கொடுத்தது, எறிய மனம் வரவில்லை. வீட்டில் நெல் குதிருக்குப் பின்னால் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்குச் சனம் திரும்பியது. மடையிலிருந்து தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மீன் முட்டையிட்டிருந்த கூழாங்கல் வெளியே தெரிந்தது. கம்பியைத் தூக்கிப் பார்த்தார்கள். கட்டை கழன்று அடியில் விழுந்துவிட்டது என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. நான் எதுவுமே சொல்லவில்லை.

“மண்மூட்டை போட்டு அடைப்போம். நீங்க இறங்காதீங்க அண்ணே, இழுத்துரும்” என்று பியூலா சமுத்திரத்தின் கையைப் பிடித்தாள்.

“மூட்டை வாரதுக்குள்ள எம்புட்டுத் தண்ணி போயிரும் டீச்சர்? கட்டை அங்கனதான் கெடக்கும். எடுத்துச் சொருகிட்டு வாரேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினான். அத்தனை பேருக்கு நடுவே கேட்டான்: “ஐயா, துண்ட வீசுங்க.”

மூன்று வருடத்தில் முதல்முறையாக என்னை ஒருவன் கேட்டான். கரை முழுக்க என்னைப் பார்த்தது. நான் வீசினேன்.

மூச்சு முட்டி மேலே வந்தான். “தட்டுப்படல ஐயா. இழுப்பு பலமா இருக்கு. இன்னொருக்கப் பாக்கட்டுமா?”

கட்டை என் வீட்டில் இருக்கிறது. நான்கு சொற்கள்தான். வாய்வரை வந்தன. சொல்லியிருந்தால் அவன் கரையேறியிருப்பான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஆண் எவனும் அந்தக் கரையில் ஏற முடியாது. ஊரே நின்று பார்க்கும்போது ஒரு மனிதன் வேறென்ன செய்ய முடியும்? இரண்டாவது முறையும் வீசினேன்.

அவன் கை தோள்வரை துவாரத்துக்குள் போயிருந்தது. தண்ணீர் வடியும்வரை உடலை எடுக்க முடியவில்லை. இருட்டும்வரை பியூலா சேற்றில் மண்டியிட்டு, துள்ளிக்கொண்டிருந்த பட்டுக்கெண்டைகளைக் குடத்தில் பொறுக்கினாள். நாற்பதோ என்னவோ பிழைத்தன என்றார்கள். அவன் மனைவி பாண்டிசெல்வி கரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். “நீங்க எம்புட்டுத் தவிச்சீங்கன்னு சொன்னாவ ஐயா” என்றாள். அது உண்மைதான். மிகவும் தவித்தேன்.

விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். நானும் அதோடு இருந்திருப்பேன். நேற்று உங்கள் அறிக்கையைக் கண்ணுச்சாமி படித்துக் காட்டினான். ‘இறந்தவர் யாரிடமும் அனுமதி பெறாமல், தன்னிச்சையாக நீரில் இறங்கினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் உத்தரவில்லாமல் அந்தக் கண்மாயில் இன்றுவரை ஒருவரும் இறங்கியதில்லை.