விமானத்தின் மூக்கடியில் இட்ட சிலுவை

1994ஆம் ஆண்டு நவம்பர் பதினேழாந் திகதி, வியாழக்கிழமை. இத்தாலியின் பலேர்மோ நகரில் விடியற்காலை தொட்டு மழை தூறிக்கொண்டிருந்தது. கடற்காற்றுக் குளிர்ந்து வீசியது. தேநீருக்கு உகந்த காலநிலை என்று நான் எண்ணியது இன்றும் நினைவிலுள்ளது.

கனம் நீதவான் அவர்களே, என் பெயர் மகேந்திரராசா. விமானங்களைக் கழுவுவது என் தொழில். மன்னாரைச் சேர்ந்த யாக்கோபுவை அத்தொழிலிற் சேர்த்துவிட்டவனும் நானே. தீவுகளுக்குத் தபால் ஏற்றிச் செல்லும் சிறு விமானத்தின் உறைகளைக் கழற்றும் பொறுப்பு ஒரே ஆண்டில் அவனுக்கு வழங்கப்பட்டது. எனக்குக் கழிவறைகளே எஞ்சின.

அவ்வுறைகள் சிவப்புத் துணியாலானவை. விமானத்தின் மூக்கருகே வேகத்தை அளக்கும் குழாய்களை இரவில் மூடிக் காப்பவை. அவற்றைக் கழற்றாமற் புறப்பட்டால் விமானி தன் வேகத்தை அறிய இயலாது. ஆதலால் புறப்படுமுன் விமானிகள் விமானத்தைச் சுற்றிவந்து பார்த்தல் விதி. யாக்கோபுவோ உறைகளைக் கழற்றியதும் மூக்கடியில் நின்று சிலுவைக்குறி இடுவான். விமானிகள் இருவருக்கும் அது பிடித்துப்போயிற்று. நாளடைவில் அவர்கள் இறங்கிப் பார்ப்பதை விடுத்து, அவனது சிலுவையைக் கண்டதும் புறப்படலாயினர்.

“கப்பித்தான் என்ர சிலுவையைக் கண்டாப் பிறகுதான் எஞ்சினைப் போடுறார், அண்ணை. போப்பாண்டவருக்கு அடுத்தது நான்தான்” என்று அவன் நகைப்பான். “நீங்கள் கக்கூசுக்குள்ள நிண்டு தேவாரம் பாடினாலும் ஆருக்குக் கேக்கும்?”

அன்று காலை அவனிடம், “மனேச்சர் உன்னைத் தேடுறார், ஓடு. உறையளை நான் கழட்டிறன்” என்றேன்.

“பெரிய உதவி, அண்ணை. மறந்திடாதேங்கோ.”

நான் கழற்றவில்லை. எங்கள் எல்லோருக்கும் ஒரே மஞ்சள் மழையங்கி. தலைமூடியை இழுத்துவிட்டு, மூக்கடியில் நின்று சிலுவைக்குறி இட்டேன். நான் சைவன், எனக்கு அது வெறும் கையசைவு. வேகமானியின் முள் அசையாததைக் கண்டு விமானிகள் ஓடுபாதையிலேயே நிறுத்துவர், யாக்கோபு வேலையை இழப்பான் என்பதே என் கணிப்பு. அவர்கள் கவனிக்கவில்லை. அது அவர்களுடைய தவறு. விமானம் எழுந்து, தடுமாறி, கடலை நோக்கிச் சரிந்தது.

யாக்கோபு நடந்ததைச் சொன்னான். நான் மறுத்தேன். மூத்த தொழிலாளி என்பதால் என்னை நம்பினர். அவன் சிறை சென்றான். அவன் மனைவி எமிலியானா, நகரின் அல்பெர்கேரியாப் பகுதியிலுள்ள என் அறைக்கு வந்து, “உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன்” என்றாள். அவளுக்குத் தேநீர் கொடுத்தேன். சீனி போதுமா என்றும் கேட்டேன்.

நான் இப்போது பேசுவதற்குக் காரணம் இரக்கமன்று. அச்சிலுவையை இட்டவன் யாக்கோபு என்று தங்கள் தீர்ப்புக் கூறுகிறது. அது பிழை, பிழைகள் திருத்தப்படவேண்டும்.

தாங்கள் அறியாத இன்னொன்றும் உண்டு. முதற்குறிக்குப் பின் கப்பித்தான் சாளரத்தைத் திறந்து, ஐயத்துடன் விமானத்தின் மூக்கைச் சுட்டிக்காட்டினார். நான் இரண்டாம் முறையும் இட்டேன். முதலாவதிலும் பார்க்க நிதானமாக, அழகாக. அவர் புன்னகைத்துச் சாளரத்தை மூடினார். விமானம் கடலில் வீழ்ந்தபோது காலை ஏழு மணி ஒன்பது நிமிடம்.