பீட்ரூட் வயல்ல இறங்குனவ

இல்லம்மா, ஜன்னல் பக்கம் போகாத. இப்படி அடுப்புகிட்ட உக்காந்து சூப்பக் குடி. வெங்காயம்தான், வேற ஒண்ணும் கெடைக்கல.

என் பேரா? ஒதில்னே கூப்பிடு. லண்டன்ல வேற பேரு இருந்துச்சு. ஆமா, நானும் உன்ன மாதிரி வானத்துலேருந்து குதிச்சவதான். போன வருஷம், நீ இறங்குன அதே பீட்ரூட் வயல்ல. நம்பலையா? ஸ்காட்லாந்துல நமக்குப் பயிற்சி குடுக்கற சார்ஜன்ட் டன்பர் இன்னும் இருக்கானா? பொம்பளைங்களுக்குக் கழுத்த நெரிக்கச் சொல்லித் தர்றப்ப கூச்சத்துல காது செவந்து போவுமே, அவன்தான். பாரு, உனக்குச் சிரிப்பு வருது.

நான் கையுறைக் கடையில வேலை பாத்தேன். பொண்டாட்டிக்கு வாங்கணும்னு ஒரு பெரிய மனுஷர் வந்தாரு. உங்கம்மா பிரெஞ்சுக்காரியான்னாரு. ஆமா, பிரான்ஸ்ல தூர்ங்கற ஊர்லதான் இருக்கா, சண்டை வந்ததுலேருந்து ஒரு சேதியும் இல்லன்னேன். போய்ப் பாக்கலாமேன்னாரு. அவ்ளோதான், மாட்டிக்கிட்டேன். உன்ன என்ன சொல்லி இந்த உளவு வேலையில சேத்தாங்க? ஓ, அண்ணன் செத்துட்டாரா. ம்ம்.

நல்லாத்தான் பழக்குனாங்க, குறை சொல்லக்கூடாது. தூக்கத்துல எழுப்புனாக்கூட பிரெஞ்சுலதான் திட்டணும். ஒருநாள் விடியக்கால நம்ம ஆளுங்களே ஜெர்மன் உடுப்பு போட்டுட்டு வந்து, கட்டில்லேருந்து இழுத்துட்டுப் போய், தலையில தண்ணிய ஊத்தி விசாரிச்சாங்க இல்ல? நான் வாயே தொறக்கல. டன்பர் அசந்துட்டான். எனக்கு ஒரே பெருமை.

இங்க ஜெர்மன்காரனுங்க நெஜமாப் புடிச்சப்பவும் தொறக்கல. இந்தா, விரலப் பாரு. நகம் வளந்துடுச்சு, ஆனா கோணல். ரெண்டு நாள் தாங்குனா மத்தவங்க தப்பிச்சுடுவாங்கன்னு சொல்லியிருந்தாங்கல்ல, தாங்கிட்டேன். அப்புறம் அடிக்கிறத நிறுத்திட்டு, எதுத்தாப்புல ஒரு நாற்காலியப் போட்டாங்க. எங்கம்மாவக் கூட்டிட்டு வந்து அதுல உக்கார வச்சாங்க. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போற நல்ல கவுன் போட்டிருந்தா. விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு நெனச்சா போல. என்னைப் பாத்ததும், எப்படி வந்த, ஏன்டி வீட்டுக்கு வரலங்கறா. அவ பேசிட்டிருக்கறப்பவே ஒருத்தன் அவ கையப் புடிச்சு மேசை மேல விரிச்சு வச்சான்.

இப்ப தூர் ஊர்லதான் இருக்கா. நல்லா இருக்கா, தோட்டத்துல அவரை போட்டிருக்கா. இவனுங்க சொல்றத நான் லண்டனுக்கு ரேடியோவுல தட்டிக்கிட்டே இருக்கற வரைக்கும் நல்லா இருப்பா. எடம் பத்திரமா இருக்கு, ஆளு அனுப்புங்கன்னு நான்தான் தட்டுனேன். உனக்கு முன்னாடியும் வந்தாங்க.

எந்திரிக்காத. வெளியில ஆளு நிக்கிது. புடிபட்டா கடிச்சுச் செத்துடுன்னு காலர்ல தச்சிருந்தாங்களே, அந்த மாத்திரை, அத நீ மூஞ்சி கழுவப் போனப்பவே எடுத்துட்டேன்.

நல்லாக் கேட்டுக்க, வண்டி வந்துடும். என்ன கேட்டாலும் முதல் நாளே சொல்லிடு. பேரு, ஊரு, யாரப் பாக்க வந்த, எல்லாத்தையும். உங்கம்மா எங்க இருக்காங்கன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாத. என்கிட்டகூட.