அம்மா தனியாக இருக்கும் குரூப்

ஜொகூர் பாருவில் சிங்கப்பூர் பஸ்ஸுக்கான காலை வரிசை. எனக்கு முன்னால் ஓர் அண்ணனும் தங்கையும். முதலில் தங்கையின் குரல்தான் காதில் விழுந்தது.

"அம்மாவ மட்டும் பழைய குடும்ப வாட்ஸாப் குரூப்புல விட்டுட்டு எல்லாரும் ஓடியாந்துட்டோம். வெக்கமா இல்லண்ணே?"

"மெதுவா பேசு லா. ஒரு நாளைக்கு இருபது வாய்ஸ் மெசேஜ். மனுசன் வேலை செய்ய வேணாமா? அதான் புதுசா ஒண்ணு திறந்தேன்."

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுல்ல? நாம வெளியானதே தெரியாம நாலு மாசமா தினம் பேசியிருக்காங்க. முந்தாநேத்து சாஆவுல அம்மா வீட்டுக்குப் போனப்ப அந்த மெசேஜையெல்லாம் அவங்க போன்ல போட்டுக் கேட்டேன். 'பெரியவனே, சளி விட்டுச்சா?'ங்கிறாங்க. யாருகிட்ட கேக்குறாங்க? சொல்லு!"

அண்ணன் அவசரமாகப் போனை எடுத்தான். "சரி, இப்பவே எல்லாரையும் திரும்பச் சேத்துர்றேன். போதுமா?"

"உன்னால முடியாது. அட்மினா இருந்த நீ கடைசியா வெளியான அன்னிக்கே, மிச்சமிருந்த அவங்க தானா அட்மினாயிட்டாங்க. இனிமே அவங்க சேத்தாதான் உள்ள போக முடியும்."

"அப்ப நீயே போன் பண்ணி சொல்லேன்."

"நான் நேர்லயே கேட்டு, அழுது, உள்ள சேந்துட்டுத்தான் வந்தேன். நீயும் போ. அவங்க எதிர்ல உக்காந்து, 'அம்மா, என்னையும் சேத்துக்க'ன்னு உன் வாயால கேளு."